கோப்பாயில் விழுந்த புள்ளி

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது ஒரு பெண்ணின் குரல். பதிந்து வைத்த குரல். ஒலிபெருக்கியில் மூச்சு வாங்காமல் அதிர்ஷ்டத்தைக் கூவிக்கொண்டிருந்தது. ‘லொத்தர்’ என்று எழுதிய பெட்டிக்கடைக்குள், அந்த அதிர்ஷ்டத்துக்கு நேர் கீழே, கடைக்காரர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். பாளையங்கோட்டையில் ஏதோவொரு மலைநாட்டு மாநிலத்தின் லாட்டரிச் சீட்டை வாரம் தவறாமல் வாங்கி, உள்ளே கோழிக்குஞ்சு இருப்பதுபோலச் சட்டைப் பையை மெல்லத் தட்டிக்கொடுப்பார். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. எங்கள் அரசு லாட்டரியைத் தடை செய்த அன்று, வேலை போனவர் மாதிரி இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார்.

அவருடைய மகள் இப்போது குலுக்கல் விஷயமாகவே கடல் தாண்டி வந்திருக்கிறாள். சீட்டு வாங்க அல்ல; உலகத்துக்கே குலுக்கல் நடத்துகிறவர்களுக்குத் தமிழில் வாய் கொடுக்க. கவிதை எழுதிப் பிழைக்க முடியாதவர்கள் மொழிபெயர்ப்பில்தான் ஒதுங்குவார்கள்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவின் ஒரு குளிர்ந்த நகரத்தில் நல்ல மனம் படைத்த சிலர் கூடி, அரசியல்வாதிகளை நம்பி இனிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பல வருட ஆய்வு தேவைப்பட்டது. எங்கள் ஊரில் ஒரு டீ போதும். ஆகவே உலகக் குடிமக்கள் அவை. பல நாட்டுச் சாதாரண மனிதர்கள் கணினித் திரையில் கூடிக் குடிநீரைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சாதாரண மனிதர்கள் யார் என்பதைச் சாதாரண மனிதர்களிடம் விட முடியாதே. ஒரு கணினி உலக வரைபடத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளைத் தூவும். ஜனம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் புள்ளி விழ வாய்ப்பு அதிகம். விழுந்த இடத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் போய், சுற்றிலும் ஐந்தாவது ஐந்தாவது வீடாகக் கதவைத் தட்டி, ஆறு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அந்த ஆறு பேரிலிருந்து ஒருவரைக் கணினி மறுபடி குலுக்கி எடுக்கும். சிபாரிசு கிடையாது, செல்வாக்கு கிடையாது. விதி செய்கிற வேலைதான்; விதிக்கு அலுவலகமும் மின்னஞ்சலும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு புள்ளி கோப்பாயில் விழுந்தது. அந்த அலுவலகத்தில் க்ளாரா என்றொரு பெண் இருக்கிறாள். அவள் எனக்கு எழுதினாள்: “அங்கேயும் தமிழ்தானாம். உங்களுக்குச் சொந்த ஊருக்குப் போவது போலவே இருக்கும்.”

முதல் நாளே சொந்த ஊர் போலத்தான் இருந்தது. ஆட்டோக்காரரிடம் கைபேசியில் புள்ளியைக் காட்டினேன். அவர் கைபேசியைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, உது ரோட்டு இல்லை. தோட்டம்.”

“தெரியும் அண்ணாச்சி. அங்கேதான் போகணும்.”

‘அண்ணாச்சி’யைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. வழி நெடுக அதை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே ஓட்டினார். பருத்தித்துறை வீதியை விட்டுத் திரும்பி, மதில்களும் இரும்புக் கதவுகளும் முடிந்து, வெங்காயப் பாத்திகள் தொடங்கிய இடத்தில் ஆட்டோவின் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கியது. அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண் ஒரு தடவை பிடித்தால் உறவினர் மாதிரி, விடாது. அவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

“உலகத்திலை வேறை இடமே கிடைக்கேல்லையோ உவையளுக்கு?”

வெங்காயத் தோட்டத்தில் நின்ற இரண்டு பேர் வந்து, என்ன ஏது என்று கேட்காமலே தூக்கிவிட்டார்கள். தூக்கி முடித்த பிறகுதான் கேள்விகள் கேட்டார்கள்.

புள்ளி ஒரு வாழைத் தோட்டத்துக்குள், கிணற்றுக்கு அருகில் இருந்தது. நான் அதன் மேல் போய் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. கிழிந்த வாழை இலைகள் வழியே வெயில் துண்டு துண்டாக விழுந்தது. உலகம் தற்செயலாக விரல் வைத்த இடத்தில் ஓர் அறுந்த செருப்பும், பாசி படிந்த கிணற்றுக் கட்டும், புதிதாக அடுக்கிய சீமெந்துக் கற்களும் இருந்தன. கவிதைக்கு இது போதும் என்று நினைத்த நேரம், வாழைகளுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் கலன்களோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னையும் என் கையிலிருந்த கைபேசியையும் கற்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அளக்க வந்தனீங்களோ?”

“எதை?”

“மதிலுக்கு.”

இல்லை, உலகத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பெயர் தவமலர். அந்தப் பாதை போய் முடியும் சந்தில், அவர்கள் சொல்கிற ஒழுங்கையில்தான், அவளுடைய வீடு. ஒழுங்கையில் இருக்கிற கிணறுகள் எல்லாம் உவராகிவிட்டன. குளிக்கலாம், குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் இந்தக் கிணற்றில் மட்டும். இந்த வளவின் சொந்தக்காரர் கனடாவில். வளவைச் சுற்றி மதில் எழுப்பச் சொல்லியிருக்கிறார்.

“மதில் வந்தால்?”

“பிறகென்ன, தண்ணி கொண்டுவாற பவுசருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அது தன்ரை எண்ணத்துக்கு வரும், தன்ரை எண்ணத்துக்குப் போகும். பிள்ளையளுக்குத் தாகம் வாற நேரம் அதுக்குத் தெரியாது.” சொல்லிக்கொண்டே வாளியை இறக்கினாள். கப்பி கிறீச்சிட்டது.

இரண்டாம் நாள் காலை இடியப்பமும் சொதியும். திருநெல்வேலியில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற மரியாதை. சம்பந்தி வீட்டார் அதன் கெட்டியைப் பார்த்துப் பெண்வீட்டின் அந்தஸ்தை எடைபோடுவார்கள். இங்கே அது தினமும் காலையில் சத்தம் போடாமல் வந்து இடியப்பத்தை நனைத்துவிட்டுப் போகிறது. ஒரே பெயர், இரண்டு குணம். க்ளாராவுக்கு இதை எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். அவள் அதற்கும் ஒரு படிவம் அனுப்புவாள் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு சிவபாதம் அண்ணை வீட்டில். ஓய்வுபெற்ற ஆசிரியர், சனசமூக நிலையத்தின் செயலாளர், க்ளாராவின் அலுவலகம் பிடித்துவைத்த ‘உள்ளூர்க்காரர்’ அவர்தான். நாற்பத்தெட்டு வயதில் என்னை ஒருவர் ‘பிள்ளை’ என்று கூப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

“பிள்ளை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். ஆளை எடுத்தாச்சு.”

“எந்த ஆள்?”

“எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர். நல்ல இங்கிலீசு. கோயில் தலைவராயும் இருந்தவர். கமிட்டி கூடி ஏகமனதாத் தெரிவு செய்தாச்சு. நீங்கள் குலுக்கலைப் பிறகு ஆறுதலாச் செய்யலாம்.”

குலுக்கல் என்பது தெரியாத ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான் என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தெரியாத ஆளை எப்பிடியம்மா நம்பி அனுப்புறது? குடவோலை எண்டு சோழர் காலத்திலை எங்கட ஆக்கள் செய்யாத குலுக்கலே?”

செய்தார்கள்தான். எங்கள் ஊரிலும் இதை மேடை மேடையாகச் சொல்வார்கள். சொந்த மனையில் சொந்த வீடு கட்டியிருந்தவன் பெயரைத்தான் ஓலையில் எழுதினார்கள் என்பதை மட்டும், ஒலிபெருக்கியின் தரம் கருதி, விட்டுவிடுவார்கள்.

எப்படியோ விதிப்படிதான் போக வேண்டும் என்று அவரைக் கிளப்பினேன். குடையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். தட்டிய முதல் வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, “நாங்கள் பதிஞ்சாச்சு” என்றாள். எந்தப் பதிவு என்று கேட்டேன். “எல்லாப் பதிவும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். யாராவது வந்து பெயர் எழுதிக்கொண்டு போனால் அதன் பிறகு என்ன நடக்கும் என்பது இந்த ஊருக்கு, என்னையும் க்ளாராவையும் விட, நன்றாகத் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் நாங்கள் தட்டவில்லை.

அடுத்து எண்ணிக்கையில் வந்தது இரண்டு மாடி வீடு. பூட்டியிருந்தது. “ஆள் இல்லை” என்றேன். “ஆர் சொன்னது? இருக்கிறார்” என்று சிவபாதம் அண்ணை கைபேசியில் கனடாவைக் கூப்பிட்டார். அந்த வாழைத் தோட்டத்துச் சொந்தக்காரர் குகநாதன் திரையில் தோன்றினார். பின்னால் பனி.

“தம்பி, உலகக் குலுக்கலிலை உம்மட வீடு விழுந்திருக்கு.”

“அப்பிடியே! நான் ரெடி. நான் கோப்பாயான்தானே!”

நான் குறுக்கிட்டு, இரவில் எந்த ஊரில் தூங்குகிறீர்களோ அந்த ஊர்க்காரராகத்தான் கணக்கு என்று விதியைச் சொன்னேன். அவர் முகம் சிறிது நேரம் திரையில் உறைந்தது. இணையமா துக்கமா தெரியவில்லை. “நித்திரை எனக்கு இஞ்சை எங்கை வருது, தங்கச்சி?” என்றார். நாடு கடந்த அவைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

பகல் ஏறியது. அதிபர் வீடு, ஆச்சரியமாக, சரியாக ஐந்தாவதாக வந்தது. சிவபாதம் அண்ணை எண்ணுவதைப் பின்னால் நடந்தபடி நானும் எண்ணினேன். எங்கள் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் ‘மூன்று’ என்னும்போது எனக்கு ஏழு. தவமலரின் ஒழுங்கை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவருடைய விரல் மடங்காமலே இருந்தது.

“அண்ணை, இந்த ஒழுங்கையில் வீடுகள் இருக்கே?”

“இருக்குத்தான்.”

“எண்ணலையே?”

அவருக்குக் கோபமே வரவில்லை. கணக்குத் தெரியாத பிள்ளைக்கு வாய்பாடு சொல்வது போலச் சொன்னார். “பிள்ளை, வீடு எண்டால் படலையிலை நிண்டுதானே கூப்பிடுறது? உதுகளுக்குப் படலை இல்லை. எந்த இடத்திலை நிண்டு ஒண்டு எண்டு சொல்லுறது?”

பொய் சொல்லவில்லை அவர். முப்பது வருடமாக ஊருக்குத் திருவிழா நோட்டீஸ், சங்கக் கடிதம், இழவுச் செய்தி எல்லாம் படலை படலையாகத்தான் கொடுத்திருக்கிறார். வாசலில் இரும்பில் அடித்த ஒரு கதவு இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் யாரும் வசிப்பதில்லை என்று அவருடைய கால்களுக்கே பழகிவிட்டது. பழகாதது எனக்கா? எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யார் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ள மணிக்கட்டில் நிறக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் எண்ணாமல் விடுவதில்லை. மிக நுணுக்கமாக எண்ணுகிறோம்.

மூன்றாம் நாள் க்ளாராவைக் கூப்பிட்டேன். வீடு என்றால் என்ன என்று கேட்டேன். அவள் திகைத்துப் போனாள். இத்தனை நாடுகளில் யாரும் அப்படிக் கேட்கவில்லையாம். விதிப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தாள். அதைத் தமிழில் சிவபாதம் அண்ணைக்குச் சொன்னேன்: “தனி அடுப்பு எரிகிற இடமெல்லாம் தனி வீடு.”

“அடுப்போ?” என்றார் அவர். அடுக்களையில் அவருடைய மனைவி சிரித்த சத்தம் கேட்டது. “அப்ப என்னைத்தான் உவை முதலிலை எண்ணியிருக்க வேணும்” என்று உள்ளிருந்தே சொன்னார்.

மறுபடி நடந்தோம். இந்தத் தடவை நான் எண்ணினேன், அவர் குடை பிடித்தார். ஒழுங்கைக்குள் ஐந்தாவது அடுப்பு தவமலருடையது. அவள் கூலிக்கு வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். புள்ளி, கணினி, அவை எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“உலகத்தாரோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?”

“குடிதண்ணியைப் பத்தி.”

கையிலிருந்த வெங்காயம் நின்றது. முதல் தடவையாகச் சிரித்தாள். “அது எனக்கு வடிவாத் தெரியும்.” பிறகு, சற்றுத் தள்ளி நின்ற சிவபாதம் அண்ணைக்கும் கேட்கும்படி, “அப்ப உந்த மதில் விசயமும் கதைக்கலாமோ, அக்கா?”

“கதைக்கலாம்.”

சிவபாதம் அண்ணையின் குடை ஒரு சாண் இறங்கியது.

மாலை சனசமூக நிலையத்தில், சம்மதித்த ஆறு பேருக்குள் குலுக்கல். அதிபர் வீடு என் எண்ணிக்கையிலும் விழுந்திருந்தது. அதிபர் சலவை வேட்டி, சந்தனப் பொட்டு. ஏற்கெனவே தெரிவானவர் என்பதால் முன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு நடுவில். தவமலர் கடைசி வாங்குப் பலகையில், கதவுக்குப் பக்கத்தில். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. அதிபருக்கும் எனக்கும் கண்ணாடிக் கோப்பையில், வாங்கு வரிசைக்குப் போகப் போகக் கடதாசிக் கோப்பையில். கோப்பை தட்டுப்பாடு என்றார்கள். தட்டுப்பாடு எப்போதும் கதவுப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

திரையில் ஒரு சக்கரம் சுழன்றது. பாதியில் இணையம் நின்று சக்கரமும் நின்றது, யார் பெயரிலும் இல்லாமல். யாரோ கைபேசியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்கள். மறுபடி சுழன்றது. திரையிலிருந்து க்ளாரா வாசிக்கத் தெரியாமல் வாசித்தாள்: “டவமலா.”

அதிபர்தான் முதலில் எழுந்தார். அவள் பக்கம் திரும்பி, “நல்லது. துணிஞ்சு கதை, பிள்ளை” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவரைப் பற்றி நான் மனதில் எழுதி வைத்திருந்த இரண்டு கிண்டலான வரிகள் வீணாகப் போயின.

சிவபாதம் அண்ணை தொண்டையைச் செருமினார். எங்கள் கிராமம் இன்று உலக அரங்கில், என்று தொடங்கி, நாங்கள்தான் அனுப்புகிறோம் என்று முடித்தார். உட்கார்ந்ததும் என் காதருகில் குனிந்தார்.

“பிள்ளை, உது வீடியோவா வெளியிலை வருமோ?”

க்ளாராவிடம் கேட்டேன். அவள் பெருமையாகச் சொன்னாள்: “ஒவ்வொரு அமர்வும் பதிவாகும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.” அப்படியே தமிழில் சொன்னேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் யாருமே பார்ப்பதில்லை என்பதும், ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான் என்பதும், தவமலரின் குரலின் மேல் மொழிபெயர்க்கும் வேறொரு குரல் ஏறி உட்கார்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். க்ளாரா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னதைச் சொல்வதுதான் என் தொழில்.

அன்று பொழுது சாயும்போது, பனிக்குள்ளிருந்து குகநாதனின் அழைப்பு. சிவபாதம் அண்ணை சத்தமாக வைத்துத்தான் பேசுவார்.

“அண்ணை, அவள் என்ரை பேரைச் சொல்லுவாளோ?”

“சொல்லாமல் விடுறதுக்கு அவள் என்ன உமக்கு மச்சாளே?”

“இஞ்சை ஊர்ச் சங்கத் தலைவருக்கு நான் நிக்கிறன், அண்ணை. குடிக்கிற தண்ணியை மறிச்சவன் எண்டு உவங்கள் நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவாங்கள்!”

“அப்ப பாதையை விடும்.”

“விட்டால் வளவு ரெண்டாப் போகுமே?”

“விடாட்டி உம்மட பேர் நாலாப் போகும்.”

“நாளைக்கு மேசன் வாறான். நீங்களே நிண்டு பாருங்கோ, அண்ணை” என்றார் குகநாதன் கடைசியில். குலுக்கலில் வெல்லாத குகநாதனைத்தான் அவை முதலில் அசைத்தது.

நான்காம் நாள் காலை தோட்டத்துக்குப் போனேன். மேசன் வந்திருந்தார். கிணற்றைத் தாண்டி நூல் கட்டியிருந்தது. சிவபாதம் அண்ணை அதை ஒரு பக்கம் இழுத்துக் காட்டினார், பிறகு மறுபக்கம். அரை மணி நேரம் நூல் இப்படியும் அப்படியும் போய் வந்தது.

“ஐயா, உதிலை கல்லு வைக்கிறதோ இல்லையோ?” என்று மேசன் கேட்டார். “நூலுக்கே களைச்சுப்போச்சு.”

கடைசியில் நூல் அறுபட்டு, கலன்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து நடக்கிற அகலத்துக்கு இடம் விட்டு, இரண்டு துண்டாகக் கட்டப்பட்டது. தவமலர் தண்ணீர் அள்ளிக்கொண்டே பார்த்திருந்தாள். சிவபாதம் அண்ணை அவள் பக்கம் திரும்பாமல், கிணற்றிடம் சொல்வது போலச் சொன்னார்.

“பாதை இருக்கும். அங்கை போய் ஊரின்ரை மானத்தை வாங்கப்படாது, விளங்குதோ?”

அவள் கலனின் மூடியை இறுக்கினாள். மேசன் முதல் கல்லை வைத்தார்.

மத்தியானம் பருத்தித்துறை வீதியில் பேருந்துக்கு நின்றேன். முதல் பேருந்து நிற்காமல் போனது. நடத்துநர் படியில் தொங்கியபடி ஏதோ சிங்களத்தில் கத்தினார். பின்னால வண்டி காலியா வருது என்கிறார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அது காலியாகத்தான் வந்தது; எதிர்த் திசையில். அதற்குள் தவமலர் வந்துவிட்டாள். வேலைக்கு நடுவில் வந்திருக்கிறாள் என்று கையிலிருந்த வெங்காய வாசனை சொன்னது. பழைய தினசரியில் சுற்றிய ஒரு பொதியை நீட்டினாள். பனங்கட்டி.

எனக்கு உறுத்தியது. ஊரே பயந்துகொண்டிருக்கும் ஒன்றை அவளும் நம்பிக்கொண்டிருந்தால்? முதல் அமர்வில் மதிலைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசிவிட்டு, உலகம் திரும்பிப் பார்க்கும் என்று அவள் காத்திருந்தால்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த வீடியோக்களை யாரும் பார்ப்பதில்லை, தவமலர். அவர்கள் ஓர் அறிக்கை எழுதுவார்கள். அதையும் யாரும் படிக்க மாட்டார்கள். நீ நன்றாகப் பேசு, ஆனால் எதையும் எதிர்பார்க்காதே.

பேருந்து வருவது தெரிந்தது. அவள் என் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டாள்.

“அது எனக்கு விளங்கீட்டுது, அக்கா. மதில் கட்டி முடிய இன்னும் ஒரு கிழமை எண்டாலும் ஆகும், பயம் விட்டால் பாதையை மூடினாலும் மூடுவினம். அதாலை நான் உந்தக் கதையை அங்கை எடுக்கப்போறேல்லை.”

“பயமா?”

“எனக்கென்ன பயம்? நான் கதைச்சு முடிச்சிட்டால், பிறகு அவையளுக்கு என்ன பயம் இருக்கப்போகுது?”